யார் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள்: தமிழ்நாடு சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரவைத் தலைவர், முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், அனைத்துக் கட்சி உறுப்பினர்கள் ஆகியோருக்கு வணக்கம்.

தேர்தலில் செலவாகும் பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதும், அரசின் முடிவுகளைத் தமக்குச் சாதகமாக மாற்றக் கோரி அமைச்சர்களையும் அதிகாரிகளையும் சந்திப்பவர்கள் யார் என்பதும் தமிழ்நாட்டு மக்களுக்குத் தெரிய வேண்டும்; அதற்கு வழிசெய்யும் சட்டம் ஒன்றை நீங்கள் இயற்ற வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். இவை டெல்லி தீர்க்க வேண்டிய விவகாரங்கள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது பாதிதான் உண்மை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் செலவுகளைப் பற்றிய சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது என்றாலும், உள்ளாட்சித் தேர்தல்கள், அரசு ஒப்பந்தப்புள்ளிகள், தலைமைச் செயலகத்தில் நடக்கும் சந்திப்புகள், பேரவை உறுப்பினர்களின் தொழில் தொடர்புகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த நீங்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் பணத்தைப் பற்றி. வங்கியில் பத்திரம் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்து 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ஒருமனதாக ரத்து செய்தது. கட்சிகளுக்குப் பெருந்தொகை கொடுப்பவர்களின் பெயரை மறைப்பது, வாக்காளரின் தகவல் அறியும் உரிமையைப் பறிப்பதாகும் என்று நீதிபதிகள் கூறினர். விவரங்களைத் தொகுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கி கேட்டதை நீதிமன்றம் மார்ச் 11 அன்று நிராகரித்து, மறுநாளே தரும்படி உத்தரவிட்டது. ஆறு ஆண்டுகளாக நாட்டின் பாதுகாப்பு ரகசியம்போலக் காக்கப்பட்ட பட்டியல், அடுத்த சில நாட்களில் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளிவந்தது. அதனால் எந்தத் தொழிலும் சரியவில்லை. எந்தக் கட்சியும் கலையவில்லை.

அந்தப் பட்டியலில் நம் மாநிலத்துக்கு நெருக்கமான செய்தி ஒன்று இருந்தது. நாட்டிலேயே மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய நிறுவனம் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். தி.மு.க. பத்திரங்கள் வழியே பெற்ற ஏறத்தாழ 656 கோடி ரூபாயில் 509 கோடி அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. கொடுத்தவர்களின் பெயரை அக்கட்சி தேர்தல் ஆணையத்திடம் தானே தெரிவித்திருந்தது. 6,000 கோடிக்கு மேல் பெற்ற பா.ஜ.க.வும், ஆயிரம் கோடிகளைத் தாண்டிப் பெற்ற திரிணமூல் காங்கிரஸும் காங்கிரஸும் அவ்வாறு செய்யவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. தடை செய்யப்பட்ட ஒரு தொழிலில் பெருகிய பணம் மாநிலத்தின் முதன்மைக் கட்சி ஒன்றின் தேர்தல் நிதியில் இவ்வளவு பெரிய பங்கு வகிக்கும்போது, கேள்வி எழுவது இயல்பு.

நான் யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. தடை இன்றுவரை நீடிக்கிறது என்பதே கட்சியின் தரப்புக்கு வலுவான சான்று என்று ஒருவர் வாதிடலாம்; அது நியாயமான வாதம். என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் சார்பில் யாரேனும் தலைமைச் செயலகத்துக்கு வந்து எதையேனும் கேட்டார்களா, கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லப்பட்டது என்பதைச் சரிபார்க்க நம்மிடம் ஒரு பதிவேடுகூட இல்லை. அப்படி ஒன்று இருந்து, அதில் எந்தச் சந்திப்பும் பதிவாகாமல் இருந்திருந்தால், அந்த வெற்றுப் பக்கமே அக்கட்சிக்குச் சிறந்த பாதுகாப்பாக இருந்திருக்கும். நன்கொடைப் பட்டியல் மட்டும் இருந்து சந்திப்புப் பட்டியல் இல்லாத நிலையில், குற்றவாளியைக் கண்டுபிடிக்கவும் முடியாது, குற்றமற்றவரை விடுவிக்கவும் முடியாது. இவ்விரண்டு பட்டியல்களும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் தெளிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் ஏழரை விழுக்காடு வரைதான் கொடுக்கலாம் என்ற பழைய வரம்பு மீண்டும் உயிர்பெற்றிருப்பது நல்ல செய்தி. ஆனால் பெருநிறுவனப் பணம் இப்போது தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகச் செல்கிறது. பல நிறுவனங்கள் ஓர் அறக்கட்டளையில் போடுகின்றன, அந்த அறக்கட்டளை பல கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இன்னாருடைய பணம் இன்ன கட்சிக்குப் போனது என்று இரண்டையும் இணைத்துக் காட்டும் வரி அறிக்கையில் இருப்பதில்லை. 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைகளைக் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டியதும் இல்லை. ரொக்க நன்கொடைக்கு 2017-இல் 2,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். பெயர் தேவைப்படாத சிறு தொகைகளாகப் பிரித்துக் காட்டுவதற்கு அது தடையாக இல்லை.

செலவுப் பக்கமும் இப்படித்தான். நம் மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் என்று 2022 ஜனவரியில் வரம்பு உயர்த்தப்பட்டது. முடிவு வெளியான 30 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டுத் தகுதியிழப்பு. ஆனால் கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேர வேண்டும் என்று கன்வர்லால் குப்தா வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, அச்செலவுக்கு விலக்களித்து, அந்தத் தீர்ப்பைச் செயலிழக்கச் செய்தார்கள். 2003-இல் அந்த விலக்கு குறுக்கப்பட்ட போதிலும், கட்சியின் கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு திருமங்கலம் என்ற ஊர்ப்பெயரே ஒரு சூத்திரத்தின் பெயராயிற்று. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல்கள் ரத்து செய்யப்பட்டன. பணத்துக்காக மக்களவைத் தேர்தல் ஒன்று ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. இந்தப் பெருமை நமக்கு வேண்டியதில்லை. கவர் வாங்கிய வாக்காளரைப் பழிப்பது எளிது, பறக்கும் படையை இன்னும் பத்து மடங்கு பெருக்குவதும் எளிது. அந்தக் கவரில் வைக்கப்பட்ட பணத்தை வேட்பாளருக்கோ மாவட்டச் செயலாளருக்கோ தந்தவர் யார், அவர் அதை எந்த ஒப்பந்தத்தில், எந்த உரிமத்தில், எந்த நில வகைமாற்றத்தில் திரும்ப எடுக்கப்போகிறார் என்பதே நான் அறிய விரும்புவது.

இனி, கேட்பவர்களைப் பற்றி. 2023 ஏப்ரல் 21, பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்த மசோதா அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குறிப்பிட்ட தொழிற்சாலைகளுக்கு விலக்களித்து, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற பணிநேரத்தைப் பன்னிரண்டு வரை நீட்டிக்க அது வழிவகுத்தது. அன்றைய ஆளும் கூட்டணியின் இடதுசாரிகளும் காங்கிரஸும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்தனர். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று, சென்னை மே தினப் பூங்காவில், அதைத் திரும்பப் பெறுவதாக அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். எதிர்ப்பை மதித்துத் திரும்பப் பெற்றதை நான் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த மசோதாவைக் கேட்டது யார்? புதிதாக முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் நெகிழ்வான பணிநேரத்தை எதிர்பார்க்கின்றன என்ற பொதுவான விளக்கம் மட்டுமே மக்களுக்குக் கிடைத்தது. எந்த நிறுவனம், எந்தத் தொழில் அமைப்பு, எந்த ஆலோசனை நிறுவனத்தின் வழியாக, எப்போது, எந்த அதிகாரியிடம், எந்தச் சொற்களில் கேட்டது என்பது இன்றுவரை பொதுவெளியில் இல்லை. எட்டு மணி நேர வேலை என்ற உரிமையைக் காக்கச் சொன்னவர்கள் வீதிக்கு வந்து, மைக் பிடித்து, தங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அதை மாற்றச் சொன்னவர்கள் பெயரின்றிக் கேட்டார்கள். ஒரு ஜனநாயகத்தில் இவ்விரு தரப்புக்கும் கோரிக்கை வைக்கும் உரிமை உண்டு என்பதை மனமார ஏற்கிறேன். தொழில் வளர வேண்டும், ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் தூத்துக்குடியிலும் நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரு தரப்பு வெளிச்சத்தில் நின்றும் மறுதரப்பு மறைந்திருந்தும் கேட்பதுதான் எனக்கு ஏற்பில்லாதது.

இந்த ஏற்றத்தாழ்வு அன்றாட நிர்வாகத்திலும் தெரிகிறது. திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு பாட்டி மனு கொடுத்தால், அதற்கு ஓர் எண் உண்டு, ஒப்புகைச் சீட்டு உண்டு, கணினியில் பதிவு உண்டு. நூறு ஏக்கர் நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றித் தரக் கேட்டு ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி துறைச் செயலாளரை அவர் அறையில் சந்தித்தால் அதற்கு என்ன எண், எந்தப் பதிவேடு?

அரசின் முடிவுகளைத் தமக்குச் சாதகமாக மாற்றும்படி அதிகாரத்தில் உள்ளோரை அணுகிக் கேட்பதை, அதாவது லாபி செய்வதை, ஒழுங்குபடுத்தும் சட்டமே இந்தியாவில் கிடையாது. 2010-இல், பெருநிறுவனங்களுக்காக லாபி செய்த நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்கள் வெளியானபோது, அமைச்சரவைப் பொறுப்புகள் குறித்துக்கூடத் தொழில்துறையின் சார்பில் எப்படிப் பேசப்படுகிறது என்று நாடே கேட்டது. அந்த உரையாடல்களில் தமிழ்நாட்டு அரசியலும் நிறையவே இருந்தது. இந்தியச் சந்தையில் நுழைவதும் அடங்கலாகப் பல விஷயங்களுக்காக வால்மார்ட் நிறுவனம் 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் லாபிக்குச் செலவிட்டது என்ற செய்தி 2012 டிசம்பரில் நாடாளுமன்றத்தை முடக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணையும் அமைக்கப்பட்டது. அந்தச் செய்தி நமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் என்னை உறுத்துவது. அமெரிக்கச் சட்டப்படி அந்நிறுவனம் அந்நாட்டுச் செனட்டில் தாக்கல் செய்த அறிக்கையிலிருந்து. நம் நாட்டில் என்ன கேட்கப்பட்டது என்று அறிய நாம் அவர்களுடைய கோப்பைப் புரட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மக்களவையில் ஓர் உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. அதன்பின் டெல்லியில் மௌனம்தான்.

டெல்லி அசையாவிட்டால் மாநிலம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவில் இந்தச் சட்டங்கள் மாநிலங்களிலிருந்துதான் தொடங்கின என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். லாபி செய்பவர்கள் பெயரைப் பதிந்து செலவைக் காட்ட வேண்டும் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 1890-இலேயே சட்டம் இயற்றியது. வாஷிங்டனில் இருக்கும் கூட்டாட்சி அரசு ஒழுங்கான சட்டம் ஒன்றைக் கொண்டுவர 1995 ஆயிற்று. அந்தத் தலைநகரிலிருந்து வேறான, மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தின் மக்கள் 1972-இல் தாங்களே கையெழுத்துத் திரட்டி, வாக்களித்து, நன்கொடைகளையும் லாபியையும் ஒரே ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியா 1974-இல் அவ்வழியே சென்றது. அங்கே பதிவுபெற்ற லாபியிஸ்ட் ஒருவர் சட்டமன்ற உறுப்பினருக்கு மாதத்துக்கு 10 டாலருக்கு மேல் எதையும் பரிசளிக்கக் கூடாது. தான் லாபி செய்யும் உறுப்பினருக்குத் தேர்தல் நன்கொடையும் தரக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அதிகாரம் உள்ளோர் வீட்டு வாசலில் இறங்கும் பெட்டிகளை நினைக்கும்போது, அந்தப் பத்து டாலர் விதி எனக்குச் சிறிய விதியாகத் தோன்றவில்லை.

நமக்கு மிகவும் பயன்படக்கூடிய பாடம் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது. அரசு ஒப்பந்தம் பெற்றவர்களிடம் சலுகைகள் வாங்கிய விவகாரத்தில் அதன் ஆளுநர் ஜான் ரோலண்ட் 2004-இல் பதவி விலகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குச் சென்றார். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்துபவர். அடுத்த ஆண்டே அரசு ஒப்பந்ததாரர்கள் மாநிலத் தேர்தல்களுக்கு நன்கொடை தருவதை அம்மாநிலம் தடை செய்தது. வழக்கு வந்தபோது, லாபி செய்பவர்கள் மீதான நன்கொடைத் தடையை நீக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்ததாரர்கள் மீதான தடையை 2010-இல் உறுதி செய்தது. அரசிடம் பணம் வாங்குபவர் அரசை நடத்துபவருக்குப் பணம் கொடுப்பதில் உள்ள ஆபத்து அவ்வளவு வெளிப்படையானது. அரிசோனா மக்கள் 2022-இல் ஏற்ற சட்டமோ, பெரும் பிரசாரச் செலவுக்குப் பின்னால் எத்தனை அமைப்புகள் இடையில் நின்றாலும், பணத்தை முதலில் ஈட்டியவர் யார் என்று தோண்டிச் சொல்லியாக வேண்டும் என்கிறது. நம் தேர்தல் அறக்கட்டளைகளுக்குத் தேவைப்படுவது இதே விதிதான்.

இவற்றால் அமெரிக்க மாநிலங்களில் பணத்தின் ஆதிக்கம் ஒழிந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். நிறுவனங்கள் வரம்பின்றிச் செலவழிக்கலாம் என்று 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அங்கே பணம் பெருக்கெடுத்தது. ஆனால் அதே தீர்ப்பில், யார் செலவழிக்கிறார்கள் என்று வெளியிடும் விதியை ஒன்பதில் எட்டு நீதிபதிகள் ஆதரித்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். செலவைத் தடுக்கலாமா என்பதில் பிளவுபட்ட நீதிபதிகள், செலவை வெளியிட வேண்டும் என்பதில் ஏறத்தாழ ஒன்றுபட்டார்கள்.

தமிழ்நாட்டின் அதிகாரத்துக்கு வருகிறேன். அரசியல் சாசனத்தின் 327-ஆம் பிரிவு தேர்தல் சட்ட அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. நாடாளுமன்றம் விட்டுவைத்த இடத்தில் மட்டும் மாநிலம் சட்டம் செய்யலாம் என்கிறது 328. ஆகவே, 40 லட்ச ரூபாய் வரம்பை மாற்றும்படி உங்களைக் கேட்பதில் பயனில்லை. ஆனால் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கான சட்டம் இயற்றுவது நீங்கள். 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ள மாநிலம் இது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது என்றாலும், மாமன்ற உறுப்பினர் முதல் மாவட்ட ஊராட்சி வரை கட்சிகள் நேரடியாகப் போட்டியிடுகின்றன. அங்கே வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு. கட்சி செலவழித்தது எவ்வளவு, அதைக் கொடுத்தவர் யார் என்பதை வார்டு வாரியாக வெளியிட வைக்க நீங்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் போதும். சாக்கடை, சாலை, குப்பை ஒப்பந்தங்கள் எல்லாம் முடிவாகும் இடம் அதுவே என்பதால், கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உள்ள தொலைவு அங்கே மிகக் குறைவு.

ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்காக 1998-இல் நாட்டுக்கு முன்மாதிரியாகச் சட்டம் இயற்றிய பேரவை இது. அந்தச் சட்டத்திலோ அதன் விதிகளிலோ ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்கும் நிறுவனம், முந்தைய ஐந்தாண்டுகளில் தானும் தன் இயக்குநர்களும் துணை நிறுவனங்களும் எந்தக் கட்சிக்கு, நேரடியாகவோ அறக்கட்டளை வழியாகவோ, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இணைக்க வேண்டும், ஒப்பந்தம் வழங்கப்பட்ட அன்றே அது இணையத்தில் வெளியாக வேண்டும், பொய் சொன்னால் ஒப்பந்தம் ரத்தாக வேண்டும். இது தேர்தல் சட்டம் ஆகாது. அரசு தன்னோடு தொழில் செய்ய வருபவரிடம் கேட்கும் சாதாரண விவரம். நான் முன்வைக்கும் கோரிக்கைகளில் ஒன்றை மட்டும்தான் ஏற்க முடியும் என்று நீங்கள் சொன்னால், இதைத்தான் ஏற்கச் சொல்வேன்.

அடுத்தது சந்திப்புப் பதிவேடு. முதலமைச்சர், அமைச்சர்கள், பேரவை உறுப்பினர்கள், அரசுச் செயலாளர்கள், துறைத் தலைவர்கள், சிப்காட், மின்வாரியம், டாஸ்மாக், சி.எம்.டி.ஏ. போன்ற அமைப்புகளின் பொறுப்பாளர்கள் ஆகியோரிடம், ஊதியம் பெற்றுக்கொண்டு பிறர் சார்பில் அல்லது தன் நிறுவனத்தின் சார்பில், சட்டம், விதி, உரிமம், நிலம், வரிச்சலுகை, கொள்கை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் எவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். யார், யாருக்காக, யாரிடம், எதைக் கேட்டார் என்ற விவரம் 15 நாட்களுக்குள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடும் வசதியோடு வெளியாக வேண்டும். அயர்லாந்து 2015-இல் இயற்றிய சட்டம் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது. அங்கே ஆண்டுக்கு மூன்று முறை அறிக்கை தர வேண்டும். நம்மைப் போலவே பெரிய நாட்டுக்குள் தனிச் சட்டமன்றம் கொண்ட ஸ்காட்லாந்தின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை உண்டு: நேருக்கு நேர் பேசினால்தான் பதிவு, தொலைபேசியும் மின்னஞ்சலும் கணக்கில் வராது. வாட்ஸ்அப் காலத்தில் அந்த ஓட்டையோடு நாம் சட்டம் செய்யக் கூடாது.

தன் ரேஷன் அட்டைக்காகவோ பட்டாவுக்காகவோ வருபவரும், ஊதியமின்றி ஊர் நலனுக்காகப் பேசுபவரும், தன் உறுப்பினர்களின் சிக்கலைச் சொல்ல வரும் சிறு சங்கத்தாரும் இதில் சிக்கிவிடக் கூடாது. விதிவிலக்கைத் தெளிவாக எழுதாவிட்டால், நாளை இந்தச் சட்டமே எளியவர்களை வாசலில் நிறுத்தும் கருவியாகிவிடும். இதில் மிகுந்த கவனம் வேண்டும்.

அமைச்சராக இருந்தவர் பதவி போன மறுநாளே, தான் ஒழுங்குபடுத்திய தொழிலுக்காகத் தன் பழைய துறைக்குள் வந்து பேசலாமா என்பதும் முடிவாக வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலையில் சேர அனுமதி பெற வேண்டும். அமைச்சர்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. பேரவை உறுப்பினர்களைப் பொறுத்தவரை, மாநிலங்களவையில் இருப்பதுபோல் உறுப்பினர்களின் தொழில், பங்கு, ஊதியத் தொடர்புகளுக்கான பதிவேடு ஒன்றை உங்கள் அவை விதிகளைத் திருத்தியே தொடங்கலாம். குவாரியில் பங்குள்ள உறுப்பினர் கனிம விதிகள் மீது பேசலாம், தடையில்லை; அந்தப் பங்கைச் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

எதிர்வாதங்களை நான் அறியாமல் இல்லை. முதலீட்டாளர்கள் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் போய்விடுவார்கள் என்பது அவற்றில் முதன்மையானது. மறைமலை நகரில் ஆலை நிறுவிய ஃபோர்டு உட்பட நாம் வரவேற்கும் பெரும் அமெரிக்க நிறுவனங்கள் தம் சொந்த நாட்டில் காலாண்டுதோறும் இத்தகைய அறிக்கைகளைத் தாக்கல் செய்துகொண்டுதான் தொழில் நடத்துகின்றன. விலைப் பேச்சு, காப்புரிமை போன்ற உண்மையான தொழில் ரகசியங்களை ஒப்பந்தம் முடியும்வரை ஒத்திவைத்து வெளியிட விதி செய்யலாம். மற்றொரு வாதம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும்போது தனிச்சட்டம் எதற்கு என்பது. தேசியக் கட்சிகள் அச்சட்டத்தின்கீழ் வருபவையே என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூனில் ஆணையிட்டபின்னும் அவை பதில் சொல்லவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்கும் வழியை இன்னும் அகலமாக்கியிருக்கிறது. ஒரு பெயரைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று கோப்பை மூடிவிடக்கூடிய நிலையில், இந்த இந்தப் பெயர்கள் வெளியிடப்பட்டே தீர வேண்டும் என்று தெளிவாக எழுதிய சட்டம் ஒன்று கட்டாயம் தேவை.

நாட்டிலேயே முதன்முதலாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றியது 1997-இல் இதே பேரவைதான். விதிவிலக்குகள் மிகுந்த, குறைகள் பல கொண்ட சட்டம் அது என்று அப்போதே விமர்சிக்கப்பட்டது. ஆனாலும் மத்தியச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே ஒரு மாநிலம் அந்த அடியை எடுத்துவைத்தது.

என் வேண்டுகோள் இதுதான். வரும் கூட்டத்தொடரிலேயே இதற்கென மசோதா ஒன்றை அறிமுகம் செய்து, அதை அன்றைக்கே குரல் வாக்கெடுப்புக்கு விடாமல், அனைத்துக் கட்சியினரும் உள்ள தெரிவுக்குழுவுக்கு அனுப்புங்கள். சென்னையில் மட்டுமன்றிக் கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் திருநெல்வேலியிலும் அக்குழு மக்களையும் தொழில் அமைப்புகளையும் தொழிற்சங்கங்களையும் அழைத்துக் கேட்கட்டும். பதிவேட்டை நடத்தும் பொறுப்பை ஆளும் கட்சியின் பிடியில் இல்லாத, எதிர்க்கட்சித் தலைவரின் ஒப்புதலோடு அமர்த்தப்படும் ஆணையம் ஒன்றிடம் ஒப்படையுங்கள். மசோதா சட்டமாகும்வரை காத்திராமல், அமைச்சர்களும் அரசுச் செயலாளர்களும் நிறுவனப் பிரதிநிதிகளுடன் நடத்தும் சந்திப்புகளின் நாள், பெயர், பொருள் ஆகியவற்றை மாதந்தோறும் துறை இணையதளத்தில் வெளியிடும்படி ஓர் அரசாணை பிறப்பிக்க முடியும். அதற்குப் பேரவையின் வாக்கெடுப்புகூடத் தேவையில்லை. எதிர்க்கட்சிகள் அந்த அரசாணைக்குக் காத்திராமல் தங்கள் உறுப்பினர்களின் சந்திப்புகளைத் தாமே வெளியிடத் தொடங்கலாம். இக்கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்று ஒவ்வொரு கட்சியின் சட்டமன்றக் குழுத் தலைவரும் எழுத்துமூலம் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்